வாக்கியம் முடியும் முன் தலையாட்டாதீர்கள்

ஜெர்மனிக்குப் போகத் தயாராகும் நர்ஸுகளுக்கு நான் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரிடமும் ஒரு நோட்டு இருக்கும். இடப்பக்கம் ஜெர்மன் வினை, வலப்பக்கம் தமிழ் அர்த்தம். அதில் அடிக்கடி ஆளைக் கவிழ்க்கும் வரி ‘அவுஃப்ஹோரென் – நிறுத்து’.

‘ஹோரென்’ என்றால் கேட்பது. (உதட்டை ஓகாரத்துக்குக் குவித்துக்கொண்டு ஏகாரம் சொல்லிப் பாருங்கள், அந்த ‘ஹோ’ வரும்.) முன்னால் ‘அவுஃப்’ சேர்ந்தால் கேட்பது எப்படி நிறுத்துவதாகும்? இடைக்கால ஜெர்மனில் இதற்கு நிமிர்ந்து காது கொடுப்பது என்றே பொருள். எங்கோ சத்தம், கைவேலையைப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்குகிறோம் இல்லையா, அதுதான். நாளடைவில் காது உதிர்ந்துபோய், வேலையைப் போட்டது மட்டும் மிஞ்சியது. மார்ட்டின் லூதர் ஜெர்மனில் மொழிபெயர்த்த 1545ஆம் ஆண்டு பைபிளில், ஆதியாகமம் 8:22இல், தமிழில் ‘ஒழிவதில்லை’ என்று வரும் இடத்தில் இதே வினைதான் இருக்கிறது. அங்கே காதுக்கு வேலையே இல்லை.

சரி, வார்டுக்கு வருவோம். இப்படி முன்னால் ஒட்டிய துண்டு, வாக்கியத்தில் பிரிந்து கடைசிக்குப் போய்விடும். ‘ஹோரென் ஸீ அவுஃப்!’ என்றால் நிறுத்துங்கள். ‘ஹோரென் ஸீ அவுஃப் டேன் ஆர்ட்ஸ்ட்’ என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டாவதில் ‘அவுஃப்’ வினையின் துண்டு அல்ல, டாக்டரோடு சேர்ந்தது. நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைச் செய்கிறது.

இதில் குழம்பினால் கொஞ்சம் சங்கடத்தோடு போய்விடும். மருந்து விஷயம் அப்படியில்லை. ‘ஸெட்ஸென்’ என்றால் வைப்பது. மருத்துவமனைப் பேச்சில் ‘அன்ஸெட்ஸென்’ மருந்தைத் தொடங்குவது, ‘அப்ஸெட்ஸென்’ நிறுத்துவது. ‘வீர் ஸெட்ஸென் டாஸ் ஆன்டிபியோட்டிகும் ஹொய்ட்ட...’ வரை இரண்டும் ஒரே வாக்கியம். இன்றைக்கு ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குகிறோமா நிறுத்துகிறோமா என்பது கடைசியில் வரும் ‘அன்’, ‘அப்’பில்தான் தெரியும். டூட்டி மாறும் அவசரத்தில் அந்த ஒற்றை அசை காதில் விழாமல் போக எவ்வளவு நேரமாகும்?

கடைசிவரை காத்திருப்பது தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதிதல்ல, நம் வினையே கடைசியில்தான் வரும். ஆனால் ஜெர்மனில் பாதி வினை முன்னாலேயே வந்துவிடுவதால், முடிந்துவிட்டது என்று மனம் ஏமாறுகிறது.

சந்தேகம் வந்தால் ‘அப்கெஸெட்ஸ்ட்?’ (நிறுத்தியாயிற்றா?) என்று திருப்பிக் கேளுங்கள். இந்த வடிவத்தில் ‘அப்’ முன்னால் வந்து வினையோடு ஒட்டிக்கொள்ளும், தவறாகக் கேட்க வாய்ப்புக் குறைவு. அப்புறம் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதையும் பார்த்துவிட்டு மருந்தில் கை வையுங்கள்.