கைங்கரியம்: சொல், வேர், தமிழ் நேர்ச்சொல்

கைங்கரியம், பெயர்ச்சொல். இறைவனுக்கோ அவன் அடியார்க்கோ ஆசாரியருக்கோ ஆளாக நின்று செய்யும் பணி. வைணவ வழக்கில் மிகுதி. ‘கைங்கர்யம்’ என்றும் எழுதுவர். தமிழில் ஆட்செய்தல், அடிமை, தொண்டு, பணிவிடை. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல.

முதலெழுத்தைப் பார்த்துவிட்டு, கையால் செய்யும் வேலை என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. இந்தக் ‘கை’ நம் கை அன்று. வடமொழியில் ‘கிம்’ என்றால் ‘என்ன’ என்று பொருள். ‘கர’ என்றால் செய்பவன். “என்ன செய்யட்டும்?” என்று கேட்டு நிற்பவன் கிங்கரன், அதாவது ஏவலாள். அவன் தன்மையைக் குறிக்கும் பெயராக மாறும்போது முதல் இகரம் ஐகாரமாகி, கடைசியில் ‘ய’ சேர்ந்து கைங்கர்யம் ஆகிறது. தீரன் தைரியம் ஆவதும் இதே வழியில்தான்.

தமிழில் கிங்கரர் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் எமகிங்கரர். அசோகவனத்தை அழித்த அனுமனைப் பிடிக்க இராவணன் ஏவிய படையும் கிங்கரர்களே. கம்பராமாயணச் சுந்தர காண்டத்தில் ‘கிங்கரர் வதைப் படலம்’ என்றே ஒரு படலம் இருக்கிறது. எசமானன் நல்லவனா கெட்டவனா என்ற பேதம் இந்தச் சொல்லுக்குள் கிடையாது. ஏவியதைச் செய்வது ஒன்றே அதன் இலக்கணம். பேச்சு வழக்கில் இது இன்னொரு பக்கமும் திரும்பிவிட்டது: “இது யாரோட கைங்கரியம்?” என்றால் யார் செய்த விஷமம் என்று பொருள். ‘கைவரிசை’யின் சாயல் ஏறியதால் இருக்கலாம்.

அகங்காரமும் இதே ‘செய்’ என்னும் வேரில் வந்த சொல்தான். அஹம் என்றால் நான். அதோடு ‘கார’ சேர்ந்தது அகங்காரம். ‘என்னுடையது’ என்பதோடு சேர்ந்தது மமகாரம். வள்ளுவர் இரண்டையும் தமிழில் ‘யான், எனது’ என்று வைத்து, இரண்டுக்கும் பொதுவாகச் செருக்கு என்று பெயரிட்டார் (குறள் 346). நம்மாழ்வார் ‘நீர் நுமது என்றிவை வேர்முதல் மாய்த்து’ என்கிறார். ஆக, ஒரே வேரில் ஒன்று ‘என்ன’ என்ற கேள்வியோடும் மற்றொன்று ‘நான்’ என்ற பதிலோடும் முளைத்திருக்கின்றன. செய்யும் வேலை ஒன்றாகவே இருக்கலாம். எதைச் செய்வது என்று முடிவெடுத்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

இதற்கு வைணவ உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இளையபெருமாள், அதாவது இலக்குவன். பஞ்சவடியில் குடில் போட நல்ல இடம் பார் என்று இராமன் சொல்கிறான். இடம் தேர்ந்தெடுக்கும் அந்தச் சிறு உரிமையைக் கூட இலக்குவன் ஏற்கவில்லை. நீயே இடம் பார்த்து, ‘இங்கே கட்டு’ என்று எனக்குச் சொல் என்கிறான். எல்லாத் தொண்டும் நானே செய்வேன் என்று அயோத்தியில் உறுதி சொல்லிப் புறப்பட்டவன் அவன்தான். ஆர்வத்தில் குறை இல்லை. தேர்வு மட்டும் தன்னுடையது அன்று.

13ஆம் நூற்றாண்டுப் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முமுட்சுப்படி என்ற நூலில் ‘கைங்கர்யத்தில் களை’ என்று ஒன்றைப் பேசுகிறார். ‘களையாவது தனக்கென்னப் பண்ணுமது.’ தன் மகிழ்ச்சிக்காக, தனக்கு என்று செய்வது. பணிக்கு வெளியே இருக்கும் பாவங்களை அவர் களை என்று சொல்லவில்லை. பயிர் நிற்கிற பாத்தியிலேயே, அதே நீரைக் குடித்து வளர்வதுதான் களை. இதற்கு அவர் மேற்கோள் காட்டும் திருப்பாவை வரி ‘உனக்கே நாம் ஆட்செய்வோம்’. அந்த ஏகாரம் பிரிநிலை: உனக்கு மட்டும், எங்களுக்குப் பங்கில்லாமல். அடுத்து வரும் ‘மற்றை நம் காமங்கள் மாற்று’ என்பதற்கும் இந்த வழியில்தான் பொருள் கொள்கிறார்கள்: ஆட்செய்யும்போது எங்களுக்கென்று எழும் ஆசையையும் நீயே மாற்று. களையைத் தானே பிடுங்கிவிட்டதாக ஆண்டாள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அடுத்த களை.

செருக்கை வகைப்படுத்தவும் நல்ல தமிழ்ச்சொல் உண்டு: முக்குறும்பு. இராமானுச நூற்றந்தாதியில் திருவரங்கத்து அமுதனார் இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வானை ‘வஞ்ச முக்குறும்பாம் குழியைக் கடக்கும்’ என்று பாடுகிறார். கல்விச் செருக்கு, செல்வச் செருக்கு, குலச் செருக்கு ஆகியவை அந்த மூன்று. இன்று குறும்பு என்றால் பிள்ளைகளின் சேட்டை. பழைய பொருள் கடுமையானது: வேந்தனுக்கு அடங்காமல் அரண் கட்டிக்கொண்டு தொல்லை தரும் குறுநிலத் தலைவர்கள். ‘வேந்தலைக்கும் கொல்குறும்பு’ என்கிறது குறள் 735. ஆண்டவன் ஆளும் நிலத்தில் தனிக்கொடி ஏற்றுவது என்று எடுத்துக்கொண்டால் இந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். கல்வி, செல்வம், குலம் மூன்றும் நிறைந்திருந்தவர் என்று மரபு சொல்லும் ஒருவரையே அமுதனார் இதற்குத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இல்லாதவன் துறப்பதற்கு என்ன இருக்கிறது?

வகைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். செய்யும் கருவியால் மூன்று: மனத்தால் நினைப்பது, வாயால் ஓதுவது, உடலால் உழைப்பது. பெறுபவரால் மூன்று: பெருமாளுக்கு, அடியார்க்கு, ஆசாரியருக்கு. அடியார்க்குச் செய்வதை மேலாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல் திருமேனி குறை சொல்லாது. மனிதர் சொல்வார். பணிவு தேறுவது அங்கேதான்.

நடைமுறையில் களை முளைக்கும் இடங்கள் சில. முதலாவது பூ. தொடுக்கும்போது மூக்கருகே கொண்டு போகக் கூடாது. மணம் முதலில் பெருமாளுக்கு. தரையில் விழுந்த பூ ஆகாது. தானே உதிரும் பவளமல்லிக்கு மட்டும் விலக்கு, அதற்கும் மரத்தடியில் துணி விரித்து எடுப்பது நல்லது. வாழைநாரை நனைத்த பிறகே தொடுக்க வேண்டும், காய்ந்த நார் காம்பை அறுத்துவிடும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவரே தவறுவது அளவில். திருமேனியின் உயரத்தை அர்ச்சகரிடம் கேட்காமல், பார்ப்பவர் அசரும்படி ஆள் உயர மாலை கட்டி வருவார். சாத்தினால் திருமுகம் மறையும், கனத்தில் ஆபரணம் சரியும். கடைசியில் அது தூணுக்குப் போகும். வருத்தம் வரும். அந்த வருத்தம்தான் ‘தனக்கென்ன’ என்பதன் அடையாளம்.

மடைப்பள்ளியில் இன்னும் கடுமை. பெருமாளுக்கு அமுது செய்யப்பண்ணும், அதாவது படைக்கும், முன் ருசி பார்க்க முடியாது. உப்பும் புளியும் அளவால் போடப்படுகின்றன, நாக்கால் அல்ல. கைப்பக்குவம் என்ற பெருமைக்கு அங்கே இடம் குறைவு. நேற்றைய அளவை இன்றும் பிசகாமல் போடுபவரே நல்ல பரிசாரகர் (கோயில் சமையல்காரர்). புதிதாக வந்தவர் ‘இன்னும் கொஞ்சம் சுவையாக’ என்று கைவைத்தால் ஒரு நாள் தளிகையே, சமைத்த அமுதே, கெடும்.

ஸ்ரீபாதம் தாங்குவதில், அதாவது பெருமாள் எழுந்தருளும் பல்லக்கைத் தோளில் சுமப்பதில், உயரம் பார்த்து ஆள் நிறுத்துவார்கள். உற்சவத்தில் தன் தோள் தெரிய வேண்டும் என்று ஒருவர் நிமிர்ந்தால் தண்டு சாயும். பாரம் சீராகப் பகிராது.

இவை முடிந்த பிறகு தீர்த்தம், சடாரி, பரிவட்டம், மாலை என்று மரியாதை வரிசை வரும். சடாரி என்பது பெருமாள் திருவடி. அதைத் தலையில் வாங்குவதில் யார் முந்தி என்ற சண்டை வருவதைவிட முரண் வேறு இல்லை. காஞ்சி வரதராசர் கோயிலில் ஆழ்வார் பாடல்களான பிரபந்தம் ஓதுவதில் வடகலை, தென்கலை என்ற வைணவப் பிரிவுகளில் எதற்கு என்ன உரிமை என்ற வழக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீதிமன்றம் ஏறி வருகிறது. வாயால் செய்யும் கைங்கரியமும் தப்பவில்லை.

இனி நேர்ச்சொல். மிக நெருங்கியது ஆட்செய்தல்: ‘ஆள்’ ஏவலனையும், ‘செய்’ செயலையும் தருகின்றன, கிங்கரன் செயல் என்பதன் சரியான தமிழ். ஆனால் இன்றைய உரைநடையில் அது பழமையாக ஒலிக்கும். அடிமை என்பது நம்மாழ்வார் சொல், ‘வழுவிலா அடிமை செய்ய வேண்டும் நாம்’. இன்று அதன் சமூகப் பொருள் முந்திக்கொள்கிறது, ஆகவே மேற்கோளில் மட்டும் வைக்கலாம். தொண்டு சைவத்தின் மையச் சொல். பெரிய புராணத்தின் இயற்பெயரே திருத்தொண்டர் புராணம். ‘சமூகத் தொண்டு’ என்று விரிந்துவிட்டதால் கோயில் பணிக்குத் ‘திருத்தொண்டு’ என்று அடை சேர்ப்பது தெளிவு. (தொண்டு என்றால் பழந்தமிழில் ஒன்பது என்றும், பழமை என்றும் பொருள் உண்டு, தொண்டு கிழவன் என்பது அந்தப் பழமை.) அன்றாட உபசாரங்களுக்குப் பணிவிடை பொருந்தும்: ஒரே சொல்லில் பணியும் பணிவும் இருக்கின்றன. திருப்பணி வேறு, அது கட்டுமானமும் புதுப்பித்தலும். ஊழியம் கிறித்தவ வழக்கில் நிலைபெற்றது. சேவை என்று வைணவரிடம் சொன்னால் தரிசனம் என்று எடுத்துக்கொள்வார், “நல்ல சேவை ஆச்சா?” என்பார்.

செய்பவர் தன்னைச் சொல்லும் ‘அடியேன்’ தன்மை ஒருமை. ‘அடியேன் வந்தேன்’ என்று ‘ஏன்’ விகுதியே வரும். ‘அடியேன் வந்தான்’ பிழை. ‘அடியேன்தான் செய்தேன்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை.

அழைப்பிதழ்களில் பணம் தந்தவரையும் ‘கைங்கர்யதாரர்’ என்று போடுகிறார்கள். அதற்கு உபயதாரர் என்ற வழக்கும், கொடையாளர் என்ற தமிழும் இருக்கின்றன. கொடையாளர் தன் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்து தரலாம், கல்வெட்டில் பெயரும் பொறிக்கலாம். அது வேறு அறம். கிங்கரன் என்ற சொல்லை, எது தேவை என்று கேட்டுவிட்டு வந்து நிற்பவருக்கு விட்டுவிடலாம்.