செங்கோட்டை பாசஞ்சரில் கிடைத்த வேலை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர். கூடப் படித்தவர்கள், மாமா, சித்தப்பா என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தும் இரண்டு வருடமாக வேலை அமையவில்லை. ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் ஊர் திரும்பும்போது, எதிரே இருந்தவரின் பையில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. "கட்டட வேலையா அண்ணாச்சி?" என்று சும்மா கேட்டார். "இல்லை தம்பி, காற்றாலை" என்று பதில் வந்தது. சேரன்மகாதேவி வருவதற்குள், காற்றுக் காலத்துக்கு முன் பராமரிப்புக்கு ஆள் எடுப்பார்கள் என்பதும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இப்போது ராதாபுரம் பக்கம் வேலை. வீட்டு ஜோசியர் இதைக் குருப்பெயர்ச்சியின் கணக்கில் வரவு வைத்துவிட்டாராம். "இது யோகமா, வேறு ஏதாவதா?" என்பது கேள்வி.

அந்த இரண்டு வருடத்தில் குரு இரண்டு முறை பெயர்ந்திருப்பார். அப்போதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே!

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். "நண்பரா சொன்னார்?" என்று கேட்டால், "நண்பர் இல்லை, தெரிந்தவர்" என்று பலரும் திருத்தினார்கள். ஆள் மூலம் வேலை அறிந்தவர்களில், வாரம் இருமுறையாவது பார்க்கிற ஒருவர் சொல்லி அறிந்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். கால் பங்குக்கும் மேலானவர்களுக்குச் சொன்னவர், வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம் என்கிற அளவுக்குப் பழக்கம்.

ஏன் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்களுக்கு நெருங்கிய கூட்டாளிகள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் ஒருவரோடு டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை இன்னொருவரோடு ஆற்றில் குளியல். அவர்கள் இருவரும் எத்தனை நாளைக்கு ஒருவரையொருவர் அறியாமல் இருக்க முடியும்? உங்கள் தங்கை கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்துவிடுவார்கள். முக்கோணம் மூடிக்கொள்ளும். மூடிய முக்கோணத்துக்குள் ஒரு செய்தி நுழைந்தால் மூவருக்கும் தெரியும். நுழையாவிட்டால் மூவருக்கும் தெரியாது. இரண்டு கூட்டங்களை இணைக்கிற ஒரே இழை என்று ஒன்று இருந்தால், அது நெருக்கமான உறவாக இருக்கவே முடியாது. இருந்திருந்தால், இதற்குள் பக்கத்தில் வேறு இழைகளும் முளைத்திருக்கும். எல்லாப் பலவீனமான பழக்கமும் பாலமாவதில்லை, ஆனால் பாலமாக நிற்பதெல்லாம் பலவீனமான பழக்கம்தான். இதைப் படித்த அன்று, சுலோச்சன முதலியார் பாலத்தின் நடைபாதையில் வெகுநேரம் நின்றேன். 1843இல் அது திறக்கப்படும் முன், பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே படகுதான்.

இந்த வாதத்தை வைத்துக் கிரானோவெட்டர் எழுதிய கட்டுரையை 1969இல் ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 1973இல்தான் வேறொன்றில் அச்சானது. சமூக அறிவியலுக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிற நம் ஊர்க் குழுக்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

2022இல், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளின் முடிவு வெளிவந்தது. கிரானோவெட்டர் சொன்னது பெரும்பாலும் சரி, ஒரு திருத்தத்தோடு: இழை மிக மெலிந்துபோனாலும் பயன் குறைகிறது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிற, மிதமாகப் பலவீனமான பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவியது.

இங்கேதான் நம் ஊர் ரயில் பெட்டி எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. உட்கார்ந்ததும் "எந்த ஊர்?" "அங்கே யார் வீடு?" என்று தொடங்கி, காருகுறிச்சி வருவதற்குள் இருவருக்கும் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிடுகிறோம். முற்றிலும் அந்நியரை மிதமான பழக்கமாக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு அடியில் சாதி விசாரிக்கிற புத்தியும் பதுங்கியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பதில் பிடிக்காதவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். முக்கோணம் பழையபடி மூடியே கிடக்கும்.

வாசகர் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அவர் வேலையில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள், டீக்கடைக் கூட்டாளிகள் இருவரும் அங்கேயே வந்து சேர்ந்துவிட்டார்களாம். ஹெல்மெட் அண்ணாச்சியை அவர்கள் இன்னும் பார்த்ததில்லை.