வெஸ்டிபுலர்: காதுக்குள் ஒரு ரேழி

வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், அதாவது உள்காதின் சமநிலை நரம்பில் வரும் அழற்சி. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் 'வெஸ்டிபுலர்'. கும்பகோணத்துப் பக்கம் பழைய ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருள் சட்டென்று பிடிபடும். திண்ணை ஏறி நிலைப்படி தாண்டினால், முற்றத்துக்கு முன்னால் அரையிருட்டாக, குளுகுளுவென்று ஒரு நடை வருமே, ரேழி. லத்தீனில் வெஸ்டிபுலம் என்பதும் வீட்டின் முகப்புப் பகுதிதான். உள்காதில் அந்தப் பெயர் பெற்ற சிற்றறை, ஒலியை உணரும் நத்தைச் சுருளுக்கும் மூன்று அரைவட்டக் குழல்களுக்கும் நடுவே இருக்கிறது.

ரேழியின் மூல வடிவம் இடைகழி. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்றார்களே, அதே இடைகழி. நத்தைச் சுருளுக்கும் குழல்களுக்கும் இடைப்பட்ட அறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. வாய்க்குள்ளும் ஒரு வெஸ்டிபுலம் உண்டு என்பதால் 'செவி இடைகழி' என்றே சொல்ல வேண்டும். அடுத்து 'நியூரைட்டிஸ்', அதாவது நரம்பு அழற்சி. அழற்சி அழலிலிருந்து வந்தது. அழல் என்றால் தீ.

இந்தச் சமநிலை நரம்பு அழன்றால் வரும் சுற்றல் லேசானதல்ல. என் பெரியம்மா தூணைக் கட்டிக்கொண்டு "வீடே சுத்துதுடா" என்றார். காது நன்றாகக் கேட்டது. தஞ்சாவூரில் மருத்துவர் முதலில் கேட்டது, "மயக்கமாம்மா, சுத்தலா?" பிறகு, "என் மூக்கையே பாருங்கம்மா" என்று தலையை இரு கைகளால் பிடித்து வெடுக்கென்று கொஞ்சம் திருப்பினார். இடப்பக்கம் திருப்பியபோது விழி மூக்கிலேயே நின்றது. வலப்பக்கம் திருப்பியபோது தலையோடு வழுக்கிப் போய், ஒரு தாவலில் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்து நரம்பு நலிந்ததற்கு அதுதான் அடையாளம். 1988இல் ஹால்மாகி, கர்தாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்த சோதனை இது. 'தலைவெட்டுச் சோதனை' எனலாம். சுற்றல் ஓயாதிருந்தும் விழி இதில் பிசகாமல் நின்றால்தான் அதிகக் கவலை: மூளையில் பக்கவாதமா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது கலோரிக் சோதனை. லத்தீனில் கலோர் என்றால் வெப்பம். கலோரியும் அதன் பிள்ளைதான். உடல் சூட்டுக்கு 7 பாகை கீழே, 7 பாகை மேலே, அதாவது 30, 44 பாகை செல்சியஸ் நீரைக் காதில் செலுத்துவார்கள். குழலுக்குள் திரவம் நகர, விழிகள் ஒரு பக்கமாகத் துடிக்கும். நரம்பு நலிந்த பக்கத்தில் அந்தத் துடிப்பு மங்கிவிடும். காது கழுவும் நீரின் சூட்டுக்கேற்ப விழித்துடிப்பின் திசை மாறுவதைக் கவனித்தவர் வியன்னாவின் காது மருத்துவர் ராபர்ட் பாரானி. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். தமிழில் 'வெப்பத் தூண்டல் சோதனை' பொருந்தும்.

பெரியம்மாவின் வலக் காதில் நீர் விட்டபோது விழி ஏறக்குறைய அசையவே இல்லை. அவரிடம் மருத்துவர் "சமநிலை நரம்பு" என்றுதான் சொன்னார். நோயாளிக்கு அது போதும். எழுத்தில் 'செவி இடைகழி நரம்பு அழற்சி' என்றே எழுதுவோம்.