இசிஜி கற்க எந்தப் புத்தகம் வாங்குவது?

பினாங்கில் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் தாதியரும் மருத்துவ உதவியாளர்களும் இசிஜி (இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும் வரைபடம்) படிக்க எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்கும்போது, அவர்களில் பலருடைய கைப்பேசியில் ஏற்கெனவே ஏழெட்டு பிடிஎஃப் நூல்கள் பாதியில் நிற்பதைப் பார்க்கிறேன். ஒரே ஒரு மெல்லிய நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, பிறகு நோயாளியின் முடிவு தெரிந்த வரைபடங்களுக்குப் போங்கள் என்பதே என் பதில்.

அந்த மெல்லிய நூலாக, நாட்டிங்ஹாம் மருத்துவர் ஜான் ஹாம்ப்டன் எழுதி 1973-இல் முதன்முதலாக வெளிவந்த 'தி இசிஜி மேட் ஈசி' போதும். சௌரஸ்தா சந்தை மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் இத்தகைய நூல்களின் பழைய பதிப்பு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும்போது சிறு கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி, பிஆர் இடைவெளி (மேலறை மின்துடிப்பின் தொடக்கத்திலிருந்து கீழறை மின்துடிப்பின் தொடக்கம் வரையிலான நேரம்) மூன்று முதல் ஐந்து சிறு கட்டம். இவை எந்தப் பதிப்பிலும் மாறுவதில்லை. மாரடைப்பின் அளவுகோல்களோ மாறியுள்ளன. மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோடுகள் தரும் வி2, வி3 லீட்களில் (இதயத்தைப் பார்க்கும் கோணங்களில்) எஸ்டி உயர்வு, அதாவது கீழறைத் துடிப்பலைக்குப் பின்வரும் கோடு அடிக்கோட்டுக்கு மேல் எழுவது, பெண்களுக்கு 1.5 மில்லிமீட்டர், நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு 2, அதற்குக் குறைந்த வயது ஆண்களுக்கு 2.5 என்று இன்று பிரித்துப் பார்க்கிறோம். பழைய பதிப்புகளில் இந்தப் பிரிவினை இராது. ஆகவே அந்த அத்தியாயத்தையும் சிகிச்சைப் பகுதியையும் தாண்டிவிட்டு, நமது மலேசிய சுகாதார அமைச்சு இலவசமாக வெளியிடும் மாரடைப்பு சிகிச்சை வழிகாட்டியைப் படியுங்கள்.

பாடநூலில் வரும் படம், அடையாளம் பளிச்சென்று தெரிவதற்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டது. வியர்த்து நடுங்கும் நோயாளியின் வரைபடம் அப்படி இருப்பதில்லை. அதனால்தான் அமெரிக்க அவசர மருத்துவர் ஸ்டீபன் ஸ்மித்தின் இணையதளத்தை, சற்றுக் கடினமானதாயினும், பரிந்துரைக்கிறேன்: இரத்தக்குழாய் உண்மையில் அடைத்திருந்ததா என்ற விடை அங்கே பெரும்பாலும் வரைபடத்தோடு சேர்ந்தே கிடைக்கும். ஐயம் வந்தால் உடனே எடுத்துப் பார்க்க 'லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்' தளத்தின் இலவச இசிஜி நூலகம் உதவும். பயிற்சியின்போது இயந்திரம் தாளின் மேல்விளிம்பில் அச்சிடும் முடிவை மடித்து மறைத்துக்கொள்ளுங்கள்; கை நடுக்கத்தையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு) என்று அது எழுதிவிடுவதும் உண்டு.

மேல்நாட்டு நூல்களில் பிருகாடா நோய்க்குறி (திடீர் மரணம் வரை கொண்டுபோகக்கூடிய பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறு) எங்கோ பின்பக்கத்தில் வரும். தென்கிழக்காசியாவில் இது ஒப்பீட்டளவில் அதிகம் என்பதால், இங்கு வேலை செய்பவர் அதை முன்னதாகவே படிக்க வேண்டும்: வி1, வி2 லீட்களில் எஸ்டி பகுதி 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயர்ந்து, வளைந்து சரிந்து, தலைகீழான டி அலையில் (துடிப்பின் இறுதி அலையில்) முடியும். தூக்கத்தில் இளம் ஆண்கள் திடீரென இறந்துபோன குடும்பத்திலிருந்து ஒருவர் மயங்கி விழுந்து வந்தால், அந்த இரு எலெக்ட்ரோடுகளையும் ஒரு விலா இடைவெளி மேலே வைத்து இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

எலெக்ட்ரோடு ஒட்டும் வேலையை மட்டும் புத்தகத்தில் கற்க முடியாது. அனுபவமுள்ள தாதியின் பக்கத்தில் நின்று சில நாள் நீங்களே எடுங்கள். மார்பெலும்பின் மேற்புறத்துத் துருத்தலை விரலால் தடவினால் இரண்டாம் விலா தட்டுப்படும்; அங்கிருந்து எண்ணி நான்காம் இடைவெளிக்கு இறங்கினால் வி1, வி2-க்கான இடம் கிடைக்கும். எடுத்த தாளில் முதல் லீட் தலைகீழாகவும் ஏவிஆர் (வலது தோள் பக்கமிருந்து பார்க்கும் லீட்) நிமிர்ந்தும் இருந்தால், அரிய நோய்களைத் தேடுவதற்கு முன், இடது வலது கை ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.