‘தமிழ்’ என்று தேடினால் தமிழ் வராது

திருவல்லிக்கேணியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, உபுண்டுல தமிழ் ஓசிஆரே இல்ல போல. நெட்ல ஒரு வரி கிடைச்சுது, டெர்மினல்ல ஒட்டிடட்டுமா?" உபுண்டு ஒரு லினக்ஸ் இயங்குதளம்; ஓசிஆர் என்பது ஸ்கேன் செய்த படத்தில் இருக்கும் எழுத்தைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள். அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். முதலில் இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல், அப்புறம் ஏதோ ஒரு முகவரி, கடைசியில் சூடோ பாஷ். யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையோடு, ஓடவிடும் வேலை அது. அந்தக் கணினியிலோ வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் கிடக்கின்றன. "எதையும் தொடாதப்பா, வர்றேன்" என்று வண்டியை எடுத்தேன்.

அவர் தேடாமல் இல்லை. உபுண்டுவில் மென்பொருளைத் தேடி நிறுவ உதவும் ஆப்ட்டின் சர்ச் கட்டளையோடு 'நேம்ஸ்-ஒன்லி' என்ற விருப்பத்தைச் சேர்த்து, தமிழ் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார். அந்த விருப்பம் பேக்கேஜின், அதாவது நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருளின், பெயரை மட்டும்தான் பார்க்கும். சிக்கல் அங்கேதான். உபுண்டுவிலும் அதற்கு அடிப்படையான டெபியனிலும் பேக்கேஜ்களில் தமிழுக்குக் குறைந்தது மூன்று பெயர். லோகித் எழுத்துரு பேக்கேஜின் பெயர் டி-ஏ-எம்-எல் என்று முடியும். அது எழுத்துமுறைக்கான ஐஎஸ்ஓ குறியீடு. ஆஸ்பெல் சொல்திருத்திக்கும் லிப்ரே ஆபிஸ் மொழிக் கோப்புக்கும் வெறும் டி-ஏ. டெசராக்ட் ஓசிஆருக்கு டி-ஏ-எம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் லோகித் எழுத்துருவுக்கு முழுப் பெயரே வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

முழுச் சொல் இருப்பது விவரக்குறிப்பில். அதனால் நேம்ஸ்-ஒன்லியை எடுத்துவிட்டு அதே சொல்லைத் தேடச் சொன்னேன். எழுத்துரு, அகராதி, ஓசிஆர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இதுதான் என் வழக்கம்: முதலில் அகலமாகத் தேடுவேன், பெயர் எப்படி அமைகிறது என்று புரிந்த பிறகு நேம்ஸ்-ஒன்லியைப் போட்டுச் சுருக்குவேன். பைத்தான் மாதிரி நிறைய பேக்கேஜ்களில் வரும் ஒரு சொல்லை அகலமாகத் தேடினால் திரை நிற்காமல் ஓடும். அங்கே பெயரின் தொடக்கத்தைக் குறிக்கும் தொப்பிக் குறியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெசராக்ட் பேக்கேஜ்களை அப்படித் தேடி, மொழிக்கு டி-ஏ என்று மட்டும் கொடுத்தால் தமிழோடு டாடர் மொழியும் எட்டிப் பார்க்கும். கடைசி எழுத்து வரை படித்துவிட்டு நிறுவுங்கள்.

எழுத்துருக்களைப் பார்க்க ஆப்ட் லிஸ்ட் போட்டு, 'ஃபான்ட்ஸ்' என்பதற்குப் பின்னால் கோடும், 'அப்புறம் எது வந்தாலும் சரி' என்று பொருள்படும் நட்சத்திரமும் வைத்தார். ஒன்றுமே வரவில்லை. அவர் நின்றிருந்த ஃபோல்டரில் அதே தொடக்கத்தோடு பழைய ஜிப் கோப்பு ஒன்று கிடந்தது. நட்சத்திரத்தை ஆப்ட் பார்ப்பதற்கு முன்பே, டெர்மினலில் அடிப்பதை முதலில் வாங்கிப் படிக்கும் ஷெல் பிடுங்கி, அந்த ஜிப்பின் பெயரைக் கொடுத்துவிட்டது. ஒற்றை மேற்கோளுக்குள் போட்டதும் சரியாகிவிட்டது. நானே ஒரு காலத்தில் இதில் அரை மணி நேரம் தொலைத்திருக்கிறேன்.

பெயர் கிடைத்தாலே போதும் என்றும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்ஜேஎஸ் வேண்டுமென்று 'நோட்' பேக்கேஜை நிறுவியவர்களுக்கு ஒரு காலத்தில் டெபியனில் கிடைத்தது அமெச்சூர் ரேடியோ மென்பொருள். நிறுவுவதற்கு முன் ஆப்ட் ஷோ போட்டு விவரத்தைப் படியுங்கள். அப்புறம் ஆப்ட் பாலிசி: எந்தப் பதிப்பு, பேக்கேஜ்களை வைத்திருக்கும் எந்த இணையக் களஞ்சியத்திலிருந்து வரப்போகிறது என்று அது காட்டிவிடும். தம்பியின் கணினியில் உபுண்டுவின் சொந்த முகவரிதான் வந்தது. எப்போதோ சேர்த்து மறந்துபோன வெளிக் களஞ்சியம் ஏதாவது அதே பேக்கேஜைத் தந்துகொண்டிருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்திருக்கும்.

நிறுவி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை ஸ்கேன் செய்து ஓட்டிப் பார்த்தோம். பெயர்கள் சரியாகவே வந்தன. முகூர்த்த நேரத்தை மட்டும் தம்பி கையால் திருத்தினார்.