காது முதலில் படிக்கிறது

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். வரிக்குக் கீழே சுட்டுவிரல். ‘ஆடு... புல்... மே... ய்... ந்... த... து. மேய்ந்தது.’ ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ‘ஆடு என்னம்மா பண்ணுச்சு?’ என்று கேட்டேன். பக்கத்தை மறுபடி பார்த்தாள்; பிறகு படத்தைப் பார்த்தாள். ‘புல்லு திங்குது டீச்சர்’ என்றாள்.

பதிலைச் சொன்னது படம்தான். தன் வாயாலேயே படித்த ‘மேய்ந்தது’ அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவள் வீட்டில் நான்கு ஆடுகள் உண்டு. பள்ளிவிட்டுப் போனதும் அவள்தான் ஓட்டிக்கொண்டு போவாள். அவள் ஊரில் ஆடு ‘மேஞ்சுச்சு’. ‘மேய்ந்தது’ என்ற சொல் அவள் காதில் அதுவரை விழுந்ததே இல்லை.

வாசிப்பை ஆராய்ந்த பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவரும் 1986-ல் இதை ஒரு எளிய பெருக்கலாக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் போடாமல் பெருக்கல் போட்டதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அந்தச் சிறுமிக்கு முதல் எண் நன்றாகவே இருந்தது. ‘மேய்ந்தது’ வந்த இடத்தில் இரண்டாவது எண் பூஜ்யமாகிவிட்டது.

முதல் எண் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். பேச்சை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாலு பேர் பேசுகிற வீட்டில் வளர்ந்தால் குழந்தைக்குத் தானாக வந்துவிடும். எழுத்து அப்படி இல்லை. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒரு இடம் அமைவதற்கு அந்தக் காலம் போதாது.

ஆனாலும் வாசிக்கக் கற்றுக்கொண்டவர்களின் மூளையில் அதற்கென ஓர் இடம் இருக்கிறது. 1892-ல் பாரிஸில் ஜூல்ஸ் டெஜெரின் என்ற மருத்துவர் விசித்திரமான ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருக்குக் கண் தெரிந்தது, பேச முடிந்தது, எழுதவும் முடிந்தது. ஆனால் தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியவில்லை. மூளையின் இடப்புறப் பின்பகுதியில் ஏற்பட்ட சேதம் அந்த ஒரு திறனை மட்டும் பறித்திருந்தது. இன்றைய மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் தரும் விளக்கம் இது: முகங்களையும் பொருள்களின் உருவங்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டை வாசிப்பு தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. நெல் அடிக்கக் கட்டிய களத்தில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவது மாதிரி.

இரவல் வாங்கிய இடம் என்பதால் பழைய பழக்கம் உடனே போகாது. பூனை இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் பூனைதான் என்று மூளை பழகியிருக்கிறது. உயிர் பிழைக்க அது தேவையான பழக்கம். எழுத்துக்கு மட்டும் அது ஆகாது. முதல் வகுப்புப் பிள்ளை ‘ட’வைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுதினால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பழைய பழக்கம் எழுத்துக்காக வழிவிட்டுக்கொண்டிருக்கிறது. கொஞ்ச காலம் பிடிக்கும்.

வயதானாலும் மூளை இதற்கு இடம் கொடுக்கும். உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகே உள்ள கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவில், மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளுக்கும் பார்வைக்கான புறணிக்கும் (மூளையின் மேலடுக்குக்கும்) இடையிலான ஒத்திசைவே கூடியிருந்தது. ஆறே மாதத்தில் வந்த மாற்றம் இது.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 என்று கேட்டதும் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். உண்மையில் 18 உருவங்களும் சில குறியீடுகளும் தெரிந்தால் பெரும்பகுதி தானே அமைந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘கொ’ என்பதில் வாய் முதலில் ‘க்’ சொல்லிப் பிறகு ‘ஒ’ சொல்கிறது. கண்ணுக்கோ முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அதற்கும் அப்புறம் கால். ஒலி வருகிற வரிசை ஒன்று, கோடுகள் நிற்கிற வரிசை வேறு. மூன்று துண்டையும் ஒரே பார்வையில் ஒரே எழுத்தாக அள்ளக் கண் பழக வேண்டும். ‘கு, சு, டு, து’ நான்கிலும் ஒலிப்பது ஒரே உகரம்தான். கீழே வளைகிற வளைவு ஆளுக்கொரு விதம். கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-ல் எழுதிய கட்டுரை, இந்த வகை எழுத்துமுறையில் எழுத்தறிவு முழுமைப்பட மூன்றாம், நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியது. 26 எழுத்தைச் சீக்கிரம் முடித்துவிடும் ஆங்கிலப் பிள்ளையோடு ஒப்பிட்டு நம் பிள்ளையை ‘மந்தம்’ என்பது அநியாயம்.

நம்மவர்கள் இந்தச் சுமையைக் குறைத்தும் இருக்கிறார்கள். ‘லை, ளை, ணை, னை’ எழுத்துகள் யானைத் துதிக்கைபோல வளைந்திருந்ததைத் தாத்தா பாட்டியின் கடிதங்களில் பார்த்திருப்பீர்கள். பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திய சீரமைப்பை ஏற்று, 1978-ல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அவற்றுக்கெனத் தனி உருவம் மனப்பாடம் செய்யும் வேலை முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதோடு போயிற்று.

எழுத்து பழகியபின் வருகிற அடுத்த வாசல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கல், தங்கம், பகல். மூன்றிலும் ஒரே ‘க’. ஒலி மூன்று விதம். இதை விதியாக வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ‘பகல்’ என்ற சொல்லைப் பிள்ளை முதலில் கல்லில் வருகிற வல்லின ‘க’வோடு அழுத்தி உச்சரிக்கும். அரை விநாடி நிற்கும். பிறகு முகம் மலரும், ‘பகல்!’ என்று மென்மையாகச் சொல்லும். எழுத்துக் கூட்டி வந்த கரடுமுரடான ஒலியை, காதில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல் திருத்திவிட்டது. அந்தச் சொல்லே தெரியாத பிள்ளையால் இப்படித் திருத்த முடியாது.

வாசிப்பு ஆய்வாளர் டேவிட் ஷேர் 1995-ல் விரித்துச் சொன்ன கருத்தும் இதைத்தான் தொடுகிறது. பிள்ளை ஒரு சொல்லைத் தானே கூட்டிப் படித்துச் சரியாக அடையாளம் காணும் ஒவ்வொரு முறையும், அதன் எழுத்துருவம் மூளையில் கொஞ்சம் பதிகிறது. சில முறை நடந்தால் போதும். பிறகு கூட்டவே வேண்டாம், பார்த்ததும் தெரியும். ஆசிரியரால் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொடுக்க முடியாது. பிள்ளை தனக்குத்தானே ஆசிரியராகிறது.

இந்த வேகம் தமிழுக்குக் கட்டாயம் வேண்டும். ‘படித்துக்கொண்டிருந்தார்களாம்’ என்பது ஒரே சொல்; எண்ணிப் பாருங்கள், 15 எழுத்து. அதோடு நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வருகிற பிள்ளை அந்த வினையை எட்டும்போது, யார் படித்தார்கள், எங்கே படித்தார்கள் என்பதெல்லாம் நினைவிலிருந்து நழுவியிருக்கும். புரியாத வாசிப்பு சலிப்பைத் தரும். சலித்த பிள்ளை புத்தகத்தைத் தொடாது. தொடாத பிள்ளைக்கு வேகம் வராது. முந்துகிற பிள்ளை மேலும் முந்துவதையும் பிந்துகிற பிள்ளை மேலும் பிந்துவதையும் வாசிப்பை ஆராய்ந்த கீத் ஸ்டானோவிச் 1986-லேயே எச்சரித்திருக்கிறார். என் வகுப்பில் அதைக் கண்ணால் காண்கிறேன். பொங்கல் விடுமுறைக்கும் முழுப் பரீட்சைக்கும் நடுவில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும்.

அதனால்தான் புத்தகத்தின்மேல் ஆசை என்பது, படிக்கத் தெரிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிற விஷயமே இல்லை என்கிறேன். வண்டி ஓட எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் முதலில் காதுவழியாகத்தான் ஊற்றப்படுகிறது. ‘வந்தாங்க’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் பார்ப்பது ‘வந்தார்கள்’. ‘வூட்டுக்கு’ என்பது அங்கே ‘வீட்டிற்கு’. எழுத்துத் தமிழ் பல வீடுகளில் யார் வாயிலும் புழங்காத தமிழ். கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுவது ஒன்றுதான் அந்தத் தமிழைப் பிள்ளையின் காதுக்குள் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1988-ல் ஹேயஸ், ஆரன்ஸ் என்ற இருவர் ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். படித்த பெரியவர்களின் அன்றாடப் பேச்சில் வருவதைவிடச் சிறுவர் கதைப் புத்தகங்களில் அரிய சொற்கள் அதிகம் என்று தெரிந்தது. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கிற தமிழில் கதைப் புத்தகத்தின் தேவை இன்னும் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

நான் செய்வது எளிய வேலைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம். பிள்ளைகள் என்னைச் சுற்றித் தரையில் உட்காருவார்கள். படம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வேன். வரியை உள்ளபடியே வாசிப்பேன். கடினமான இடத்தில் ஊர்ப் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு, மறுபடி புத்தக வரியையே வாசிப்பேன். முடிந்ததும் ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்பதில்லை. நேற்றுப் படித்ததையே இன்றும் கேட்டால் அதையே படிப்பேன். பத்தாவது முறை கேட்டாலும் சரி. திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை சொற்களைத் தனக்குள் குடியேற்றிக்கொண்டிருக்கிறது.

புத்தகங்கள் கைக்கு எட்டவும் வேண்டும். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பீரோவில் பூட்டி வைத்த ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது கரையான்தான் படித்து முடித்திருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி: நூல்கள் பயன்படுத்துவதற்கே. இரண்டாவது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பதைப் பார்த்தபோது அந்த இரண்டாம் விதிதான் நினைவுக்கு வந்தது. ‘நுழை’யில் இருக்கும் பிள்ளையின் கையில் ‘பற’ புத்தகத்தைத் திணித்தால் வாசிப்பும் போகும், ஆசையும் போகும்.

அந்தச் சிறுமிக்கு ஆடு வருகிற கதையாகத் தேடித் தேடி வாசித்தேன். ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் களைப்பில், வரியைப் பார்த்துக்கொண்டே வாய் தவறி ‘ஆடு மேஞ்சுச்சு’ என்று வாசித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தாள். எழுந்து வந்து, பக்கத்தின்மேல் விரலை வைத்தாள்.

‘டீச்சர், இங்க மேய்ந்ததுன்னு போட்டிருக்கு.’