திரைக்கு வெளியே ஒளிந்திருந்த ‘நாட்’

ஏப்ரல் 15, விடிந்தும் விடியாத நேரம். மண்டபத்தில் மீன் ஏலக் கடை ஒன்றின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். “தம்பி, வள்ளத்துக்குத் தடை ஏதுப்பா? நண்டுக்கு பில்லே போட விடமாட்டேங்குது.”

அவர் சொன்னது சரிதான். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு கடலுக்குப் போகலாம். நான் எழுதிய பில்லிங் புரோகிராமோ நாட்டுப்படகை மட்டும் தேடிப் பிடித்து நிறுத்தியது.

காரணமான நிபந்தனை ஒரே வரியில் 214 எழுத்து. என் லேப்டாப்பில், இடப்பக்கம் ஃபைல் பட்டியல் போக, 110 எழுத்துதான் தெரியும். மூன்று முறை படித்தும் தப்பு கண்ணில் படவில்லை. வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தபோது கடைசியில் இருந்தது: ‘ஆர் நாட் நாட்டுப்படகு’, அதாவது ‘அல்லது நாட்டுப்படகு அல்ல’. அந்த ‘நாட்’ அங்கே இருக்கவே கூடாது. மற்ற மாதங்களில் வரியின் முன்பாதியே எல்லாப் படகுகளையும் அனுமதித்துவிட்டதால் தடை தொடங்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. நான் எழுதியதைச் சரிபார்த்த (ரிவ்யூ) கீழக்கரை நண்பர் பழைய புரோகிராமையும் புதிய புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். அவர் திரையில் என் திரையைவிடக் குறைவான எழுத்தே தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நீளமாக எழுதியது நான்.

புரோகிராமில் ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற பழைய கணக்கு 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வருகிறது. அட்டை போய்விட்டது, ஆனால் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தேவை போகவில்லை. பைத்தான் மொழியில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பெப் 8 வழிகாட்டி இன்னும் 79தான் சொல்கிறது. குழு ஒத்துக்கொண்டால் 99 வரை விடுகிறது. புரோகிராம் வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் பிளாக் ஃபார்மேட்டருக்கு 88. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் சோதனைக் கருவி 2020இல் 80லிருந்து 100க்குப் போனது. நாங்கள் 88 வைத்திருக்கிறோம். எந்த எண் என்பதைவிட, குழு முழுக்க ஒரே எண் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நீண்ட நிபந்தனையை உடைக்கும்போது ‘அண்ட்’, ‘ஆர்’ இரண்டையும் புது வரியின் தொடக்கத்தில் வையுங்கள். பெப் 8 பரிந்துரைப்பதும் இதைத்தான். அப்போது இடது ஓரத்தில் அவை ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். ‘ஆர் நாட்’ என்று ஒரு வரி தொடங்கினால் கண் அங்கேயே நின்றுவிடும். அதோடு ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் கொடுங்கள். ‘தடைக்காலம்’, ‘நாட்டுப்படகு’ என்று இரண்டு மாறிகள் வைத்திருந்தால் என் வரியை வாய்விட்டே படித்திருக்கலாம். ஃபார்மேட்டர் வரியை மடிக்கும், பெயர் வைக்காது.

புரோகிராமில் தமிழில் செய்தி காட்டுபவர்களுக்கு ஒன்று. ‘மீன்’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. பைத்தானின் நீளக் கணக்கில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து நான்கு. அதனால் சில கருவிகள் சின்ன வரியையும் நீளம் என்று எச்சரிக்கும். நான் தமிழ்ச் செய்திகளைத் தனி ஃபைலில் வைத்துவிட்டேன்.

பழைய புரோகிராமுக்கு முதல்முறை ஃபார்மேட்டர் ஓட்டினால் அதைத் தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) போடுங்கள், பிழைத் திருத்தத்தோடு கலக்காதீர்கள். அன்று காலை அவசரத்தில் நான் இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ‘நாட்’டை நீக்கிய அந்த ஒரே மாற்றம் நானூற்றுச் சொச்சம் வரி மாற்றத்துக்குள் புதைந்துபோய், மறுநாள் நண்பர் அதைத் தேட அரை மணி நேரம் ஆனது.